கொடி பிடித்த கை

1981, ஆகஸ்ட் 3. திங்கள்கிழமை. வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் நிருபர்கள் கூடியிருந்தார்கள். அன்று காலை ஏழு மணியிலிருந்து அமெரிக்காவே குழம்பிப் போயிருந்தது. விமானங்களுக்கு வழிகாட்டும் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்கள் ஸ்டிரைக்! ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் பேர் வேலைக்கு வரவில்லை.

அதிபர் ரொனால்ட் ரீகன் வந்தார். கையில் ஒரு காகிதம். முகத்தில் வழக்கமான சிரிப்பு இல்லை. 48 மணி நேரம் அவகாசம் தருகிறேன், அதற்குள் வேலைக்குத் திரும்பாதவர்களுக்கு வேலை இல்லை என்றார். அவ்வளவுதான் விஷயம்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொன்றும் சொன்னார். அதைத்தான் நீங்கள் கவனிக்கவேண்டும். தானும் ஒரு தொழிற்சங்கத்தின் ஆயுள் உறுப்பினர்தான், அந்தச் சங்கத்தின் முதல் ஸ்டிரைக்கை நடத்தியதே தான்தான் என்றார்.

பொய்யில்லை. ஏறக்குறைய நிஜம். இன்றுவரை அமெரிக்க அதிபர்களில் தொழிற்சங்கத் தலைவராக இருந்தவர் அவர் ஒருவர்தான். அப்பேர்ப்பட்டவர், நாட்டின் தொழிற்சங்கங்கள் அதுவரை பார்த்திராத அடியைக் கொடுத்தது எப்படி?

நடிகர் நாடாள வருவது நமக்கு ஒன்றும் புதுசு இல்லை. அதனால் ரீகன் என்றாலே சினிமா, சிரிப்பு, வசனம் என்று சுலபமாக முடித்துவிடுகிறோம். அவருக்குள் இருந்த சங்கத்துக்காரரை மறந்துவிடுகிறோம். கதையே அங்கேதான் இருக்கிறது.

*

1911, பிப்ரவரி 6. இலினாய் மாநிலத்தில் டாம்பிகோ என்ற சின்ன ஊர். அங்கேதான் பிறந்தார். அப்பா ஜாக், செருப்புக்கடை விற்பனையாளர். குடிப்பழக்கம் உண்டு. அம்மா நெல், பக்தி மிகுந்தவர். வாடகை வீடு மாறி மாறிக் கடைசியில் டிக்ஸன் என்ற ஊரில் குடியேறினார்கள். அங்கே ராக் நதிக்கரையில் கோடைக்காலங்களில் பையனுக்கு உயிர்காப்பாளர் வேலை. ஆற்றில் மூழ்கியவர்களில் 77 பேரைக் கரைசேர்த்தார் என்பது ஊர்க்கணக்கு.

1932-ல் கல்லூரியை முடித்தபோது நாடே பெருமந்தத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வேலை போயிருந்தது. அப்புறம் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அதிபராகி நிவாரணத் திட்டங்கள் கொண்டுவந்தபோது, ஊரில் அந்த வேலைகளைக் கவனிக்கும் உத்தியோகம் ஜாக்குக்குக் கிடைத்தது. குடும்பம் மூச்சுவிட்டது. மகனுக்கு ரூஸ்வெல்ட் தெய்வம். அவர் நின்ற நான்கு தேர்தல்களிலும் அவருக்கே ஓட்டுப் போட்டவர் ரீகன்.

முதல் உத்தியோகம் ரேடியோவில். பேஸ்பால் வர்ணனையாளர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆட்டம் நடப்பது சிகாகோவில். இவர் உட்கார்ந்திருப்பது அயோவா மாநிலத்தின் ஸ்டுடியோ ஒன்றில். தந்தியில் இரண்டு மூன்று வார்த்தைகள் வரும். அதை வைத்துக்கொண்டு, நேரில் பார்ப்பதுபோல முழு ஆட்டத்தையும் வர்ணிக்கவேண்டும்! ஒரு நாள் தந்தி நின்றே போய்விட்டது. மனிதர் அசரவில்லை. பந்து எல்லைக்கு வெளியே போயிற்று, மறுபடி வெளியே போயிற்று, மறுபடியும் என்று தந்தி உயிர்பெறும்வரை நிமிடக்கணக்கில் ஒரே ஆட்டக்காரரை வைத்து ஓட்டினார். இந்தக் கதையைப் பிற்காலத்தில் மேடைகளில் அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். நடக்காததை நடந்ததுபோலச் சொல்லும் வித்தை அன்றைக்கே கைவந்துவிட்டது.

1937-ல் வார்னர் பிரதர்ஸ் அழைத்தது. வாரம் 200 டாலர் சம்பளம். படங்கள் வரிசையாக வந்தன. 1940-ல் ஒரு கால்பந்து வீரனாக, 1942-ல் 'கிங்ஸ் ரோ' படத்தில் இரண்டு கால்களையும் இழக்கும் இளைஞனாக நடித்துப் பெயர் வாங்கினார். ஆனால் முதல் வரிசை நட்சத்திரமாக ஒருபோதும் ஆகவில்லை. போர்க்காலத்தில் கண்பார்வை சரியில்லை என்று ராணுவம் அவரைக் களத்துக்கு அனுப்பாமல் பயிற்சிப்படப் பிரிவில் போட்டது. திரும்பி வந்தால் மார்க்கெட் சரிந்திருந்தது. 1951-ல் ஒரு சிம்பன்ஸி குரங்கோடு சேர்ந்து நடித்தார். கடைசிவரை எதிர்க்கட்சிக்காரர்கள் அந்தக் குரங்கை விடவே இல்லை!

திரையில் மார்க்கெட் சரிந்த அதே காலத்தில் இன்னொரு இடத்தில் ஏறிக்கொண்டிருந்தார். நடிகர் சங்கம். ஸ்க்ரீன் ஆக்டர்ஸ் கில்ட்.

1947-ல் அதன் தலைவரானார். மோசமான காலம். ஹாலிவுட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை ஆரம்பித்த வருடம். நாடாளுமன்றக் கமிட்டி முன்னால் ரீகன் சாட்சி சொன்னார். பகிரங்கமாகப் பெயர்களைச் சொல்லவில்லை, கட்சியைத் தடைசெய்யவும் கேட்கவில்லை. ஆஹா, நியாயவான் என்றார்கள். ஆனால் பின்னாளில் வெளியான எஃப்.பி.ஐ. கோப்புகள் வேறு கதை சொல்லின. ரகசியமாக அவர்களுக்குத் தகவல் கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். அந்த நாள்களில் பெயர் கெட்டால் பிழைப்பே போய்விடும். பட்டியலில் தன் பெயரிலேயே இன்னொருத்தி இருக்கிறாள், எனக்கு ஆபத்து என்று சங்கத் தலைவரிடம் உதவி கேட்டு வந்தார் ஓர் இளம் நடிகை. பெயர் நான்ஸி டேவிஸ். 1952-ல் அவர் நான்ஸி ரீகன்.

*

இப்போது 1960-க்கு வாருங்கள்.

டி.வி. வந்துவிட்டது. பழைய சினிமாப் படங்களைத் தயாரிப்பாளர்கள் டி.வி.க்கு விற்றுக் காசு பார்த்தார்கள். அதில் நடித்தவனுக்கு? சல்லிக்காசு கிடையாது. ஒருமுறை சம்பளம் வாங்கினாய், முடிந்தது கணக்கு என்றார்கள். டி.வி.யில் படம் ஓடினால் எங்களுக்கும் பங்கு வேண்டும் என்றது சங்கம். ஒரே வேலைக்கு இரண்டு சம்பளமா என்றார்கள் முதலாளிகள்.

1959-ல் ரீகனை மறுபடி தலைவராக்கியிருந்தார்கள் நடிகர்கள். 1960, மார்ச் 7. ஸ்டிரைக். சங்கம் தொடங்கியதிலிருந்து சினிமா ஸ்டுடியோக்களை எதிர்த்து நடந்த முதல் ஸ்டிரைக். படப்பிடிப்புகள் நின்றன. ஆறு வாரம் பேரம் நடந்தது.

முடிவில் 1960-லிருந்து எடுக்கும் படங்களுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள். அதற்கு முந்தைய படங்களுக்குக் கிடையாது. பதிலாக, நடிகர்களின் ஓய்வூதியம், மருத்துவச் செலவுகளுக்காக 22.5 லட்சம் டாலர் கொடுத்தார்கள். மூத்த நட்சத்திரங்கள் பலர் கொதித்தார்கள். எங்களை விற்றுவிட்டார் என்றார்கள். இதில் ஒரு விஷயம்... ரீகன் நடித்த படங்களும் அநேகமாக எல்லாமே 1960-க்கு முன் வந்தவைதான். அவருக்கும் நஷ்டம்தான். ஆனால் பெயரில்லாத துணை நடிகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவும் வயதான காலத்தில் ஒரு தொகையும் கிடைக்க வழி பிறந்தது அன்றுதான்.

முழுசாகக் கேள், பாதியை வாங்கு, வாங்கியதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள். சங்க மேஜையில் ரீகன் கற்ற பாடம் இது.

அப்புறம் எங்கே மாறினார்? திடீரென்று இல்லை. 1954-லிருந்து எட்டு வருடம் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் டி.வி. நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார். கூடவே அந்தக் கம்பெனியின் தொழிற்சாலைகளுக்கு ஊர் ஊராகப் போய்ப் பேசவேண்டும். முதலில் ஹாலிவுட் கதைகள் பேசினார். போகப்போக வரி, அரசாங்கத் தலையீடு என்று பேச்சு திசைமாறியது. கைநிறையச் சம்பளம், அதில் பெரும்பங்கை விழுங்கிய வரி, கம்யூனிஸ்ட் பயம், கம்பெனிச் சகவாசம் எல்லாம் சேர்ந்து ரூஸ்வெல்ட்டின் பக்தரை மெல்ல மெல்ல எதிர் முகாமுக்கு நகர்த்தின. 1962-ல் குடியரசுக் கட்சியில் சேர்ந்தார். 1964, அக்டோபர் 27 அன்று அதிபர் வேட்பாளர் கோல்ட்வாட்டருக்காக டி.வி.யில் பேசினார். கோல்ட்வாட்டர் படுதோல்வி. பேசியவர் தலைவர் ஆகிவிட்டார்! 1966 தேர்தலில் கலிஃபோர்னியாவின் ஆளுநர். 1980-ல் கார்ட்டரை வீழ்த்தி அதிபர். 50 மாநிலங்களில் 44 அவர் பக்கம்.

அந்தத் தேர்தலில் அவரை ஆதரித்த வெகுசில தொழிற்சங்கங்களில் ஒன்று எது தெரியுமா? பாட்கோ. ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்களின் சங்கம்! ஓயாத மன அழுத்தம், பழைய கருவிகள், ஆள் பற்றாக்குறை என்று அவர்கள் புலம்பியதைக் கேட்டு, ஆட்சிக்கு வந்தால் சரிசெய்கிறேன் என்று கடிதமே எழுதியிருந்தார் ரீகன். நம்ம ஆள் என்று நினைத்துவிட்டார்கள்.

பதவியேற்ற 70-வது நாள், 1981 மார்ச் 30. வாஷிங்டன் ஹில்டன் ஓட்டல் வாசலில் ஜான் ஹிங்க்லி என்பவன் சுட்டான். 'டாக்ஸி டிரைவர்' படத்தைப் பார்த்து, அதில் நடித்த ஜோடி ஃபாஸ்டரின் கவனத்தை ஈர்க்க நினைத்த பைத்தியம். நடிகராக இருந்த அதிபரைச் சினிமாப் பித்துப் பிடித்த ஒருவன் சுடுகிறான். அன்றிரவு நடக்கவேண்டிய ஆஸ்கர் விழாவை ஒரு நாள் தள்ளிவைத்தார்கள். ரீகன் பிழைத்தார். குனிய மறந்துவிட்டேன் என்று மனைவியிடம் ஜோக் அடித்தது உலகப் புகழ் பெற்றது. மக்கள் அவரைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கன்ட்ரோலர்கள் ஸ்டிரைக்கில் இறங்கினார்கள். வருடத்துக்குப் பத்தாயிரம் டாலர் சம்பள உயர்வு, வாரம் 32 மணி நேர வேலை என்று கேட்டார்கள். அரசு கொஞ்சம் இறங்கி வந்தது. போதாது என்றார்கள். ஆனால் ஒரு சிக்கல். மத்திய அரசு ஊழியர்கள் ஸ்டிரைக் செய்வது சட்டப்படி குற்றம். செய்யமாட்டோம் என்று வேலையில் சேரும்போதே அவர்கள் உறுதிமொழி எடுத்திருந்தார்கள். ரீகனின் வாதம் அதுதான். தனியார் முதலாளியை எதிர்த்து நான் நடத்தியது வேறு, அரசாங்கத்தையே நிறுத்துவது வேறு.

கெடு முடிந்தது. சுமார் 1,300 பேர் திரும்பினார்கள். மற்றவர்கள் திரும்பவில்லை. எத்தனை பேரைத்தான் நீக்குவார், விமானத்தை யார் ஓட்டவைப்பது என்ற தைரியம். ஆகஸ்ட் 5 அன்று 11,345 பேருக்குச் சீட்டு கிழிந்தது. ஒரே நாளில்! போதாததற்கு அந்த வேலைக்கு இனி எடுக்கக்கூடாது என்று தடை. அதை நீக்கக் கிளிண்டன் வரவேண்டியிருந்தது, 1993-ல். மேற்பார்வையாளர்களையும் ராணுவத்தினரையும் வைத்துச் சமாளித்தார்கள். அரசு முன்கூட்டியே திட்டம் போட்டு வைத்திருந்தது. சில மாதங்களில் பாட்கோவின் அங்கீகாரமும் போய்விட்டது.

யோசித்துப் பாருங்கள். நடுத்தர வயதில், ரேடார் திரை பார்ப்பதைத் தவிர வேறு தொழில் தெரியாத மனிதர்கள். அந்தத் தொழிலுக்கோ நாட்டில் ஒரே முதலாளி, அரசாங்கம்.

விஷயம் அவர்களோடு நிற்கவில்லை. ஸ்டிரைக் செய்பவனுக்குப் பதில் வேறு ஆளை நிரந்தரமாக வைத்துக்கொள்ள முதலாளிகளுக்கு 1938-லேயே நீதிமன்றம் வழிவிட்டிருந்தது. இருந்தாலும் பெரிய கம்பெனிகள் தயங்கின. அதிபரே செய்யும்போது நமக்கென்ன? தயக்கம் போய்விட்டது. ஆயிரம் பேருக்கு மேல் கலந்துகொண்ட ஸ்டிரைக்குகள் 1980-ல் 187. ரீகனின் கடைசி முழு வருடமான 1988-ல் 40. ஆலைகள் மூடப்பட்டதும், வெளிநாட்டுப் போட்டியும், வேலையில்லாத் திண்டாட்டமும் காரணங்கள்தான். ஆனால் 1981 ஆகஸ்ட்டை யாரும் மறக்கவில்லை.

மாஸ்கோவிலும் கவனித்தார்கள். இந்த ஆள் சொன்னால் செய்வான் என்று. 1985-ல் ஜெனீவாவில் கோர்பசேவைச் சந்தித்தபோது உட்கார்ந்திருந்தது பழைய சங்கத் தலைவர்தான். 1986-ல் ரெய்க்யாவிக்கில் பேச்சு முறிந்தது, எழுந்து போனார். பேரத்தில் அதுவும் ஒரு கட்டம் என்று அவருக்குத் தெரியும். 1987, டிசம்பர் 8 அன்று கையெழுத்தானது. அந்த ஒப்பந்தப்படி 1991-க்குள் இரு நாடுகளும் சேர்ந்து அழித்த ஏவுகணைகள் 2,692. ஸ்டுடியோ முதலாளிகளிடம் பேரம் பேசிய அனுபவம் கைகொடுத்தது என்று ரீகனே பின்னால் சொல்லியிருக்கிறார்.

எதிரி நாட்டோடு இத்தனை பொறுமையாகப் பேரம் பேசியவர், சொந்த நாட்டு ஊழியர்களுக்குக் கொடுத்தது 48 மணி நேரம். சட்டம் அவர் பக்கம் இருந்தது, சரி. திரும்பி வர ஒரு கதவைத் திறந்துவைத்திருக்கலாம் இல்லையா? எனக்கு உறுத்துவது அதுதான்.

1994 நவம்பரில், தனக்கு அல்ஸைமர் என்று நாட்டு மக்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். நினைவுகள் ஒவ்வொன்றாக உதிர்ந்து, 2004 ஜூன் 5 அன்று 93 வயதில் இறந்தார்.

1998-லேயே வாஷிங்டன் விமான நிலையத்துக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அங்கே இறங்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் வழிகாட்டுகிறவர்கள் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலர்கள். 1987-லேயே அவர்கள் புதிதாக ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். ஹாலிவுட்டில் 2023-ல் எழுத்தாளர்களும் நடிகர்களும் ஒரே நேரத்தில் ஸ்டிரைக் செய்தார்கள். 1960-க்குப் பிறகு அப்படி நடந்தது அப்போதுதான். இணையத்தில் ஓடும் படங்களுக்கும் நியாயமான பங்கு கேட்டார்கள். அவர்கள் விரிவாக்கக் கேட்ட உரிமை, ரீகன் வாங்கிக்கொடுத்தது.

விமான நிலையத்தில் இருக்கும் பெயரும், வயதான துணை நடிகர் வீட்டுக்குத் தபாலில் வரும் காசோலையும் ஒரே மனிதர் விட்டுப்போனவைதான். பெயர் எல்லோருக்கும் தெரிகிறது. காசோலைக்குக் காரணம் யார் என்பது, வாங்குகிறவருக்காவது ஞாபகம் இருந்தால் சரி.