பத்தாம் தேதிக்குப் பிறகு

அம்மாவின் பழைய பாஸ்புக்கில் 1996 ஜூலை 12 அன்று 1,000 ரூபாய் வரவு. பால் சொசைட்டிப் பணம். அதற்கு முன் கணக்கில் இருந்தது 300. செப்டம்பர் 28 அன்று அதே 1,000 பற்று. அது என் கல்லூரிக் கட்டணம். இடையில் வேறு வரவுமில்லை, செலவுமில்லை. அந்த ஆயிரம் 78 நாள் வங்கியில் இருந்திருக்கிறது.

அன்று சேமிப்புக் கணக்கின் வட்டி ஆண்டுக்கு 4.5 சதவீதம். நாள் கணக்கில் பார்த்தால் அந்த ஆயிரத்துக்கு 9 ரூபாய் 60 காசு வந்திருக்க வேண்டும். விதிப்படி கிடைத்தது 3 ரூபாய் 75 காசு.

யாரும் ஏமாற்றவில்லை. ஒவ்வொரு மாதமும் 10-ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை கணக்கில் இருந்த மிகக் குறைந்த தொகை எதுவோ, அதற்கு மட்டும்தான் அப்போது வட்டி. ஜூலையில் அம்மா இரண்டு நாள் தாமதம். செப்டம்பரில் மூன்று நாள் அவசரம். ஆகஸ்டுக்கு மட்டும் முழு வட்டி. ஜூலை 10-க்குள் போட்டு, அக்டோபர் பிறந்த பிறகு எடுத்திருந்தால் மூன்று மாத வட்டியாக 11 ரூபாய் 25 காசு கிடைத்திருக்கும். நாள் கணக்கைவிட அது அதிகம். விதியை அறிந்தவருக்கு லாபம், அறியாதவருக்கு நட்டம். அம்மாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பேரேட்டில் கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு கணக்குக்கும் நாள்தோறும் வட்டி போடுவது நடக்கிற காரியமில்லை. விதிக்கு அந்த நியாயம் உண்டு. பெண்களை மனத்தில் வைத்து யாரும் அதை எழுதவில்லை. ஆனால் அது யாருடைய நாட்காட்டிக்குப் பொருந்தியது என்று பாருங்கள். ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிறவருக்குப் பத்தாம் தேதி ஒரு தடையே இல்லை. பால் பணம், தையல் கூலி, களையெடுத்த கூலி, சீட்டு எடுத்த பணம் எல்லாம் தேதி பார்த்து வருவதில்லை. மாதக் கடைசியில் வீட்டில் கை வறண்டால் முதலில் உடைவதும் பெண்ணின் சேமிப்புதான்.

பெண்ணின் சேமிப்பு அவளுடையதுதானா என்ற கேள்வி சட்டத்துக்குள் வந்து 150 ஆண்டுகள் கடந்துவிட்டன. 1873-இன் அரசு சேமிப்பு வங்கிச் சட்டம், மணமான பெண் போட்ட பணத்தை அவளிடமே கொடுக்கலாம் என்றது. 1874-இல் வந்த மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், மனைவியின் சம்பாத்தியமும் அதிலிருந்து வரும் சேமிப்பும் அவளுடைய தனிச்சொத்து என்றது. ஆனால் இந்து, முஸ்லிம், பௌத்த, சீக்கிய, சமணப் பெண்களுக்கு அது பொருந்தாது என்று விலக்கும் வைத்தது. நாட்டின் பெரும்பாலான பெண்கள் அந்த விலக்குக்குள் அடங்கிவிட்டார்கள். 1882-இல் அஞ்சலகச் சேமிப்பு வங்கி வந்தது. பணத்தைப் போடவும் எடுக்கவும் வழி திறந்தது. அந்தப் பணம் எப்படி வளர்கிறது என்ற அறிவு மட்டும் ஆண்களின் பேச்சாகவே நீடித்தது.

நடப்புக் கணக்கிலும் இதே கதைதான். அதற்கு வட்டியே கிடையாது. வியாபாரத்துக்கென்று ஏற்பட்ட கணக்கு அது. தையல் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி, கடைப் பணத்தோடு பிள்ளையின் படிப்புக்கான பணத்தையும் இரண்டு வருடம் அதிலேயே விட்டு வைத்திருந்தாள். "பேங்க்லதானே மேடம் இருக்கு" என்றாள். இருந்தது, வளரவில்லை. இந்த இடத்தில் சுயஉதவிக் குழுக்களின் வரலாற்றை நினைக்க வேண்டும். 1993-இல் ரிசர்வ் வங்கி, பதிவு செய்யாத குழுக்களும் தங்கள் பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்கலாம் என்று அனுமதித்தது. மரத்தடியில் கூடிய பெண்களின் பணம் வட்டி தரும் கணக்குக்குள் போனது அப்படித்தான்.

2010 ஏப்ரல் 1 முதல் வங்கிகள் நாள்தோறும் உள்ள இருப்புக்கு வட்டி கணக்கிடுகின்றன. கணினி வந்ததால் அது முடிந்தது. 2011 அக்டோபரில் சேமிப்பு வட்டியை அந்தந்த வங்கியே முடிவு செய்யலாம் என்று ரிசர்வ் வங்கி விட்டுவிட்டது. அதுவரை எங்கே போட்டாலும் ஒரே விகிதம். அதன் பிறகு விசாரிக்காமல் இருப்பதற்கு ஒரு விலை வந்துவிட்டது. 2025-இல் பாரத ஸ்டேட் வங்கி சேமிப்பு வட்டியை 2.5 சதவீதமாகக் குறைத்தபோது அஞ்சலகம் 4 சதவீதம் கொடுத்துக்கொண்டிருந்தது. 50,000 ரூபாய் ஒரு வருடம் அசையாமல் இருந்தால் ஒன்றில் சுமார் 1,250, மற்றதில் 2,000. ஆனால் அஞ்சலகத்தில் அந்தப் பத்தாம் தேதி விதி இன்னும் இருக்கிறது. ஆகவே அடிக்கடி போட்டு எடுக்கும் பணத்துக்கு வங்கி, தங்கும் பணத்துக்கு அஞ்சலகம். ஒரு வருடம் தொடமாட்டோம் என்று தெரிந்த பணத்துக்கு வைப்புக் கணக்கு. குறிப்பிட்ட தொகைக்கு மேல் இருப்பதைத் தானாக வைப்புக்கு மாற்றும் வசதி பல வங்கிகளில் உண்டு, ஆனால் கேட்டால்தான் சொல்வார்கள். அதிக வட்டி தரும் சிறு வங்கி என்றால், ஒரு வங்கியில் ஒருவருக்கு வட்டியோடு சேர்த்து 5 லட்சம் வரைதான் காப்பீடு என்பதையும் நினைவில் வையுங்கள்.

5 ரூபாய் 85 காசுக்கு இவ்வளவு எழுத வேண்டுமா என்று கேட்கலாம். அந்த 78 நாளும் வங்கி அந்தப் பணத்தை வைத்திருந்தது. 31 நாளுக்குத்தான் அம்மாவுக்கு வட்டி கொடுத்தது. நாடு முழுக்க எத்தனை பாஸ்புக்குகளில் எத்தனை ஜூலைகள் இப்படிப் போயிருக்கும்?

2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதத்தின் நடுவில்தான் கணக்குக்கு வருகிறது. பழைய விதியாக இருந்தால் வந்த மாதத்தில் அதற்கு ஒரு காசு வட்டி கிடையாது.

இதையெல்லாம் அம்மாவிடம் கணக்குப் போட்டுக் காட்டினேன். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஜூலை 12-ஐ விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பத்தாந்தேதியே பால் பணம் வந்துருச்சு. வங்கிக்குப் போகத்தான் ரெண்டு நாளா நேரம் கெடைக்கல" என்றார்.