காந்தமும் உமிழ்நீரும்

மனிதனின் வாய், நோய்க்கிருமிகளுக்கு ஓயாது திறந்திருக்கும் வாயில். அதனைக் காக்கும் காவலன் உமிழ்நீர். சில கிருமிகளைக் கரைக்கவல்ல லைசோசைம் என்னும் பொருள் அதில் உண்டென்பதை அலெக்சாந்தர் பிளெமிங் 1922 ஆம் ஆண்டில் வெளியிட்டார். 1960களில், இம்யூனோகுளோபுலின் ஏ எனும் எதிர்ப்பொருளே உமிழ்நீரில் மிகுந்திருத்தல் புலனாயிற்று. இக்காவலைக் காந்தத்தால் வலுப்படுத்தலாகுமோ என்பது நம் காலத்து வினா.

காந்த வைத்தியம் பழையது. 1774 இல் வியன்னா நகரில் காந்தங்கொண்டு நோய் தீர்க்கத் தலைப்பட்ட மெஸ்மர், பின்னர் காந்தத்தையும் விடுத்து, அவ்வாற்றல் தம் உடலிலேயே உண்டென்றார். 1784 இல் பிரெஞ்சு மன்னர் அமைத்த விசாரணைக் குழுவில் பிராங்கிளினும் லவோசியேயும் இருந்தனர். மெஸ்மரின் சீடர் தோட்டத்து மரமொன்றிற்குக் காந்த சக்தி ஏற்றினார். கண் கட்டப்பட்ட சிறுவன் ஒருவன் மரம் மரமாக அழைத்துச் செல்லப்பட்டான். நான்காம் மரத்தடியில் மயங்கி வீழ்ந்தான். சக்தி ஏற்றிய மரமோ அதுவன்று!

ஆயினும் காந்தத்தின் ஆற்றல் முற்றும் கற்பனையன்று. மாறும் காந்தப்புலம் மின்னோட்டத்தைத் தூண்டுமெனப் பரடே 1831 இல் காட்டினார். அவ்வழி வந்த தாழ் அதிர்வெண் மின்காந்தத் துடிப்புச் சிகிச்சைக்கு, பொருந்தாத எலும்பு முறிவுகளின் பொருட்டு, அமெரிக்க அரசு 1979 இல் அனுமதி வழங்கிற்று.

எலும்பிற் பெற்ற வெற்றி வாய்க்குச் சான்றாகாது. சிகிச்சையின்பின் உமிழ்நீரில் எதிர்ப்பொருளின் செறிவு உயர்ந்ததெனில், நீர் சுரக்கும் வேகம் குறைந்தாலும் அச்செறிவு உயருமென்பதை நினைத்தல் வேண்டும். ஆதலால், இயங்கும் கருவி எது, இயங்காக் கருவி எது என்பதை நோயாளரும் அளப்பவரும் அறியாதவாறு சோதித்தலே முறை. அச்சிறுவனின் கண்கட்டு இன்றும் அவிழ்க்கத்தக்கதன்று.