ஐஸ் கப்பலிலிருந்து செம்புக்குழாய்க்கு

சோழமண்டலக் கரைக்குக் குளிர்ச்சி முதலில் கப்பலில் வந்தது. அமெரிக்க வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் அனுப்பிய ஏரிப் பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் எழுந்தது. இன்று அதுவே விவேகானந்தர் இல்லம். இயந்திரங்களே பனிக்கட்டி செய்யத் தொடங்கியதும் அந்த வணிகம் நொடித்தது.

திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சும். இதைக் கொண்டு இயங்கும் குளிர்பதன இயந்திரத்துக்கு ஜேக்கப் பெர்க்கின்ஸ் 1834-இல் காப்புரிமை பெற்றார். இன்றைய ஸ்பிளிட் ஏசியிலும் அதே சுழற்சிதான். மெல்லிய செம்புக்குழாய் திரவத்தை உள்ளே கொண்டுவருகிறது. நுரையுறை போர்த்திய தடித்த குழாய் குளிர்ந்த வாயுவை வெளியே திருப்புகிறது. ஏசியைப் பொருத்தும்போது குழாயின் வாயைப் புனல்போல் விரித்து, நட்டால் இறுக்கி, வேக்குவம் பம்பால் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பின்பே வாயுவைத் திறந்துவிட வேண்டும்.

1987-ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கைக்குப் பின் ஓசோனைக் கெடுக்கும் வாயுக்கள் படிப்படியாக விலக்கப்பட்டன. ஏசிகளில் ஆர்-22 வாயு இருந்த இடத்துக்கு, அதைவிட அதிக அழுத்தத்தில் இயங்கும் ஆர்-32 வந்தது. இணைப்புகளில் கவனமும் கூடியது.

சோழமண்டலக் கரையில், மரக்காணத்தின் உப்பளங்களை ஒட்டிய வீடுகளில், ஏசிக்கு ஒரு பகையும் உண்டு. உப்பு ஈரம் படிந்தால், வெளிப்பெட்டியில் செம்பைத் தொடும் அலுமினியத் தகடுகள் விரைவில் பொடிந்து உதிரும். கடற்காற்று நேரே அடிக்காத சுவரில் வெளிப்பெட்டியை மாட்டி, அவ்வப்போது நன்னீரால் கழுவுவதே அதற்குக் காப்பு.