ஹார்ட் பாப் மேடையிலிருந்து நாகஸ்வரம் வரை: சார்லி மரியானோ பற்றிச் சில குறிப்புகள்

ஹார்ட் பாப் என்றதும் எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் நீட்டுவாங்க. ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்', ஹோரேஸ் சில்வர், ப்ளூ நோட் லேபிளின் நீல அட்டைகள். தப்பில்லை, நல்ல பட்டியல்தான். ஆனா அதில் இடம் கிடைக்காத ஒருத்தரின் பாதை தளிக்கு ரொம்பப் பக்கத்தில் வந்து சேருது. இங்கிருந்து ஆனேக்கல் வழியா இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். அவர் பெயர் சார்லி மரியானோ.

முதலில் ஹார்ட் பாப் என்றால் என்ன என்பதைச் சுருக்கமா சொல்லிடறேன். 1940-களில் சார்லி பார்க்கர் கூட்டம் உருவாக்கிய பீபாப், வேகமும் சிக்கலும் நிறைந்த இசை. 1950-களின் நடுவில் அதே இலக்கணத்துக்குள் கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டையும் ப்ளூஸையும் திரும்பக் கொண்டு வந்தாங்க. டிரம்ஸ் கனத்தது, மெட்டு பாடக்கூடியதா மாறியது. கீழே நாலு அடி தாளம், நடுவில் பியானோ போடும் கார்டுகள், அந்தக் கார்டுகள் மாறும் வரிசையில் சாக்ஸபோன் கற்பனை செய்யும். இந்தக் கடைசி விஷயத்தை மட்டும் நினைவில் வைச்சுக்கங்க.

மரியானோ 1923-ல் பாஸ்டனில், இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளையாகப் பிறந்தவர். ஆல்டோ சாக்ஸபோன் கலைஞர். 1950-களில் ஸ்டான் கென்டனின் பெரிய வாத்தியக் குழுவில் வாசித்தார். பிறகு ஜப்பானியப் பியானோ கலைஞர் தோஷிகோ அகியோஷியை மணந்து, இருவரும் சேர்ந்து ஒரு நால்வர் குழு அமைத்தார்கள். 1960 டிசம்பரில் கேண்டிட் லேபிளுக்காகப் பதிவான 'தோஷிகோ மரியானோ குவார்ட்டெட்' தான் நான் முதலில் கேட்கச் சொல்வது. பாஸ் ஜீன் செரிகோ, டிரம்ஸ் எடி மார்ஷல்.

இந்தத் தட்டில் 'டீப் ரிவர்' என்ற பழைய ஆன்மிகப் பாடல் இருக்கு. தேவாலயத்தை ஜாஸுக்குள் கொண்டுவரும் ஹார்ட் பாப் மனசு அதில் தெளிவா தெரியும். அதே தட்டில் 'லாங் யெல்லோ ரோட்'. மஞ்சூரியாவில் பிறந்த தோஷிகோ எழுதியது. பின்னாளில் அவருடைய பெரிய குழுவின் அடையாளப் பாட்டாகவே அது ஆகிவிட்டது. மரியானோவின் ஆல்டோவில் பார்க்கரின் நிழல் உண்டு. ஆனா நீண்ட ஸ்வரங்களில் குரல் தழுதழுக்கிற மாதிரி ஒரு இழுப்பு, அது அவருடையது.

இந்தத் தட்டு ஏன் கவனிக்கப்படவில்லை? கேண்டிட் லேபிள் அந்தக் காலகட்டத்தில் கொஞ்ச நாள்தான் ஓடியது. அதன் பட்டியலிலும் மிங்கஸ், மேக்ஸ் ரோச் தட்டுகளுக்குத்தான் பேர். அதோட, ஒரு ஜப்பானியப் பெண்ணும் ஒரு இத்தாலிய அமெரிக்கரும் வாசித்த ஹார்ட் பாப்பை எந்த அலமாரியில் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை என்பது என் ஊகம்.

1963-ல் சார்லஸ் மிங்கஸின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'. அது புகழ்பெற்றது, நான் விளக்க வேண்டியதில்லை. அதில் அழுவது போல எழும் ஆல்டோ மரியானோவுடையது என்பதை மட்டும் கவனிங்க.

அடுத்ததுதான் நமக்கான கதை. 1960-களில் மலேசியாவில் இருந்தபோது மரியானோ நாகஸ்வரம் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். பிறகு தென்னிந்தியாவுக்கும் வந்து படித்தார். 1976-ல் வந்த 'ஹெலன் ட்வெல்வ் ட்ரீஸ்' போன்ற தட்டுகளில் நாகஸ்வரமும் வாசித்திருக்கிறார்.

சாக்ஸபோனில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் சாவி உண்டு. நாகஸ்வரத்தில் சாவியே கிடையாது. சீவாளியில் உதடு, மூச்சு, துளையைப் பாதி மூடும் விரல், இவ்வளவுதான். கமகம் முழுக்க உடம்பிலிருந்து வரணும். நாற்பது வயசு தாண்டிய, மிங்கஸோடு வாசித்த ஒருத்தர் மறுபடி மாணவரா உட்கார்ந்தது சும்மா இல்லை. நம்ம சபாக்களோ நாகஸ்வரத்தைப் பெரும்பாலும் மங்கல இசை என்று தொடக்கத்தில் வைத்து, கூட்டம் வருவதற்குள் முடித்துவிடும்.

1983-ல் ஈசிஎம் வெளியிட்ட 'ஜோதி'யில் இந்தப் படிப்பின் பலன் தெரியும். கூட வாசித்தது டி.ஏ.எஸ். மணி 1964-ல் பெங்களூரில் தொடங்கிய கர்நாடகா காலேஜ் ஆஃப் பெர்கஷன். பாட்டு ஆர்.ஏ. ரமாமணி, மிருதங்கம் மணி, கடம் ஆர்.ஏ. ராஜகோபால், கஞ்சிரா டி.என். சசிகுமார். பியானோ இல்லை, பாஸ் இல்லை, டிரம்ஸ் இல்லை. முன்னால் சொன்னேனே, கார்டுகளின் வரிசை, அதுவே இல்லை! ஹார்ட் பாப் கலைஞர் காலூன்றி நிற்கும் தரையை உருவிட்ட மாதிரி.

மரியானோ என்ன செய்கிறார்? வித்தை காட்டவில்லை. ரமாமணியின் குரல் ஒரு சொற்றொடரை முடிக்கும்வரை காத்திருந்து, அதன் வாலைப் பிடித்துத் தொடர்கிறார். 1960-ல் கேட்ட அதே இழுப்பு இங்கே கமகத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்குது. இந்திய வேஷம் போட்ட ஜாஸ் நிறைய உண்டு. ஒரு ராகத்தின் பேரும் ஒரு சிதாரும் போதும் அதற்கு. 'ஜோதி'யில் விருந்தாளி அவர், வீடு ரமாமணியுடையது.

ஆனா நடந்தது என்ன? ஹார்ட் பாப் ரசிகர்கள் மரியானோவை 1963-லேயே விட்டுட்டாங்க. கர்நாடக இசை ரசிகர்களுக்கு இது 'ஃப்யூஷன்'. 'டூயட்' படத்துக்குப் பிறகு கத்ரி கோபால்நாத்தின் சாக்ஸபோனை வீட்டு விசேஷங்களில் ஒலிக்கவிட்ட நமக்கு, எதிர்த் திசையில் வந்த இந்த மனிதரைத் தெரியாது. அதைவிட வருத்தம், ரமாமணியின் பேரே இந்தப் பேச்சில் அடிக்குறிப்பாகிவிடுது.

தளிப் பக்கம் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் ஒரே டீக்கடையில் ஓடும். எது யாருடைய மொழி என்று யாரும் அலமாரி போட்டு அடுக்குவதில்லை. அந்தக் காதோடு கேட்டால் 1960 தட்டும் 1983 தட்டும் ஒரே ஆளின் ஒரே தேடல்தான். மரியானோ 2009-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் காலமானார்.

கேட்கத் தொடங்க ஒரு வரிசை: முதலில் 'டீப் ரிவர்', உடனே 'ஜோதி'யின் 'வந்தனம்'. நடுவில் வேற எதுவும் போடாதீங்க.