ஒரு நாளைக்கு ஒரு டாலர்: எய்ட்ஸ் மருந்து ஏழை நாடுகளுக்குக் கிடைத்த வரலாறு

2000-ம் ஆண்டு ஜூலை மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் 13-வது சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. வளரும் நாடு ஒன்றில் இந்த மாநாடு நடந்தது அதுவே முதல் முறை. தொடக்க நாளில் மேடையேறிப் பேசியவர்களில் 11 வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். பெயர் என்கோசி ஜான்சன். தாயிடமிருந்தே எச்.ஐ.வி. தொற்றிப் பிறந்தவன். கர்ப்பிணிப் பெண்களுக்கு ஏ.இசட்.டி. மருந்தை அரசு கொடுக்க வேண்டும், அப்போதுதான் குழந்தைகளுக்கு இந்தக் கிருமி போகாது என்று அவன் கேட்டுக்கொண்டான்.

அதே மாநாட்டில் தென்னாப்பிரிக்க நீதிபதி எட்வின் கேமரூனும் பேசினார். அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. தன் வருமானத்தில் மருந்து வாங்க முடிவதால்தான் தான் உயிரோடு இருப்பதாகவும், ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கானவர்களுக்கு அது முடியவில்லை என்றும் அவர் சொன்னார்.

அடுத்த ஆண்டு ஜூன் 1-ம் தேதி என்கோசி இறந்துபோனான். அப்போது அவனுக்கு வயது 12. கேமரூன் பின்னாளில் அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்ற நீதிபதியாகி, 2019-ல் ஓய்வு பெற்றார்.

இருவருக்கும் ஒரே நாடு, ஒரே கிருமி. ஒருவரிடம் மருந்துக்குப் பணம் இருந்தது. அந்த மருந்தின் விலை ஏன் அவ்வளவு உயரத்தில் இருந்தது, யாரால் இறங்கியது, இறங்க ஏன் அத்தனை வருடம் ஆனது என்பது கடந்த அரை நூற்றாண்டு மருத்துவ வரலாற்றின் முக்கியமான கேள்விகளில் ஒன்று.

மருந்து வந்தது, விலையும் வந்தது

எய்ட்ஸ் நோய் 1981-ல் அமெரிக்காவில் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது. 1983-ல் பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் கிருமி கண்டுபிடிக்கப்பட்டது. இந்தியாவில் எச்.ஐ.வி. இருப்பது முதலில் தெரியவந்தது சென்னையில்தான். 1986-ல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகளில் அது உறுதியானது.

முதல் மருந்தான ஏ.இசட்.டி.க்கு 1987-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. 1964-லேயே புற்றுநோய்க்காகத் தயாரிக்கப்பட்டு, பயனில்லை என்று ஒதுக்கப்பட்ட பொருள் அது. ஆனால் ஒற்றை மருந்து நீண்ட நாள் வேலை செய்யவில்லை. எச்.ஐ.வி. மிக வேகமாகப் பெருகும் கிருமி. பெருகும்போதெல்லாம் சிறு சிறு மாற்றங்கள் நேரும். அவற்றில் ஏதோ ஒன்று மருந்துக்குத் தப்பிவிடும், தப்பியது பெருகிவிடும். மூன்று மருந்துகளை ஒன்றாகக் கொடுத்தால் மூன்றுக்கும் ஒரே நேரத்தில் தப்புவது அரிது. 1996-ல் வான்கூவர் மாநாட்டில் இந்தக் கூட்டு மருந்து முறையின் பலன் உலகுக்குத் தெரிந்தது. படுக்கையில் கிடந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போகத் தொடங்கினார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எய்ட்ஸ் மரணங்கள் மளமளவென்று குறைந்தன.

இந்தச் சிகிச்சைக்கு ஆண்டுக்கு ஆன செலவு 10,000 முதல் 15,000 டாலர். நோயாளிகளில் பெரும்பாலோர் வாழ்ந்த ஆப்பிரிக்க நாடுகளில் ஒரு மனிதனின் ஆண்டு வருமானமே சில நூறு டாலர்கள். எனவே ஏழை நாடுகளுக்குத் தடுப்பு மட்டும் போதும், சிகிச்சை கட்டுப்படியாகாது என்று பல வல்லுநர்கள் பேசினார்கள். ஏற்கெனவே கிருமி தொற்றியவர்களைப் பொறுத்தவரை இது மரண தண்டனைக்குச் சமம்.

பிரேசில் காட்டிய வழி

இதற்கு முதல் மறுப்பு பிரேசிலிலிருந்து வந்தது. 1996 நவம்பரில் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. தேவைப்படும் எச்.ஐ.வி. நோயாளிகள் எல்லோருக்கும் அரசே இலவசமாக மருந்து தர வேண்டும் என்பது சட்டம். பழைய மருந்துகளுக்கு அங்கே காப்புரிமை இல்லாததால், ரியோ டி ஜெனிரோவில் உள்ள ஃபார்-மாங்கின்யோஸ் என்ற அரசு ஆய்வகம் அவற்றைத் தானே தயாரித்தது. காப்புரிமை உள்ள மருந்துகளுக்கு, விலையைக் குறைக்காவிட்டால் கட்டாய உரிமம் கொடுத்துவிடுவோம் என்று நிறுவனங்களிடம் பேரம் பேசியது. கட்டாய உரிமம் என்றால், பொதுநலன் கருதிக் காப்புரிமையாளரின் சம்மதம் இல்லாமலே வேறொருவர் தயாரிக்க அரசு அனுமதிப்பது. 2007-ல் எஃபாவிரென்ஸ் மருந்துக்கு அதை உண்மையிலேயே செய்தும் காட்டியது.

சிகிச்சையோடு ஆணுறை விநியோகமும் இலவசப் பரிசோதனையும் சேர்ந்தே நடந்தன. மருந்து கிடைக்கும் என்று தெரிந்ததும் பரிசோதனைக்கு வர மக்களுக்கு ஒரு காரணம் கிடைத்தது. தடுப்பும் சிகிச்சையும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை என்பதற்கு இதுவே சான்று. 2000-களின் தொடக்கத்தில் வளரும் நாடுகளில் சிகிச்சை பெற்றுவந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிரேசிலில் இருந்தார்கள்.

இந்தியச் சட்டமும் மும்பை மாத்திரையும்

பிரேசிலுக்குச் சொந்த ஆய்வகம் இருந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் பெரும்பாலானவற்றுக்கு அது இல்லை. அவற்றுக்கான மருந்து இந்தியாவிலிருந்து வந்தது. அதன் வேர் 1970-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத்தில் இருக்கிறது.

வெள்ளைக்காரர் காலத்து 1911 சட்டத்தால் இந்தியாவில் மருந்து விலை மிக அதிகமாக இருந்தது. இதை ஆராய்ந்து நீதிபதி ராஜகோபால அய்யங்கார் 1959-ல் ஓர் அறிக்கை கொடுத்தார். அதன் அடிப்படையில் வந்த 1970 சட்டம், மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை கிடையாது, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. வேறு முறையில் அதே மருந்தைத் தயாரித்தால் அது குற்றமில்லை. இதனால் இந்தியாவில் ஒரு பெரிய மருந்துத் தொழிலே வளர்ந்தது.

மும்பையின் சிப்லா நிறுவனம் அவற்றில் ஒன்று. 2000 செப்டம்பரில் அதன் தலைவர் யூசுப் ஹமீத் பிரஸ்ஸல்ஸில் ஐரோப்பிய ஆணையம் கூட்டிய கூட்டத்தில், மலிவு விலையில் கூட்டு மருந்தைத் தரத் தயார் என்றார். பெரிதாக யாரும் முன்வரவில்லை. 2001 பிப்ரவரியில் இன்னொரு விலை சொன்னார். 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர், அரசுகளுக்கு 600 டாலர். அதாவது அந்த அமைப்புக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலருக்கும் குறைவு. செய்தி உலகப் பத்திரிகைகளில் முதல் பக்கத்துக்கு வந்தது.

விலையைப் போலவே முக்கியமான இன்னொரு விஷயமும் உண்டு. ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று மருந்துகளின் உரிமையும் மேலை நாடுகளில் மூன்று வெவ்வேறு நிறுவனங்களிடம் இருந்தது. அதனால் அவற்றை ஒரே மாத்திரையாக்க அங்கே வழியில்லை. இந்தியாவில் அந்தத் தடை இல்லை. மூன்றும் சேர்ந்த 'ட்ரையோமியூன்' என்ற மாத்திரையை சிப்லா தயாரித்தது. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. டாக்டர் இல்லாத கிராமத்தில் கூட ஒரு நர்ஸ் இதை விளக்கிவிட முடியும்.

தென்னாப்பிரிக்காவில் இரண்டு போர்கள்

மலிவான மருந்து தயார். ஆனால் எந்த நாட்டிலும் அது நுழைய அந்நாட்டுச் சட்டம் இடம் தர வேண்டும். 1997-ல் நெல்சன் மண்டேலா அரசு, மலிவு மருந்துகளை இறக்குமதி செய்ய வழிவிடும் சட்டத்திருத்தம் ஒன்றைக் கொண்டுவந்தது. 1998-ல் மருந்து நிறுவனங்கள் சேர்ந்து அதற்கு எதிராக வழக்குப் போட்டன. மொத்தம் 39 நிறுவனங்கள். பிரதிவாதிகளில் மண்டேலாவின் பெயரும் இருந்தது. வழக்கு நடக்கும்வரை சட்டம் முடங்கிக் கிடந்தது.

அதே 1998 டிசம்பரில் ஜாக்கி அக்மட் என்பவரும் நண்பர்களும் 'சிகிச்சைக்கான செயல் இயக்கம்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். இனவெறி ஆட்சியை எதிர்த்துப் போராடிய அனுபவம் அக்மட்டுக்கு இருந்தது. அவருக்கும் எச்.ஐ.வி. இருந்தது. அரசு மருத்துவமனையில் ஏழைக்குக் கிடைக்கும்வரை தானும் இந்த மருந்தைச் சாப்பிடமாட்டேன் என்று அறிவித்தார். மண்டேலாவே வீட்டுக்கு வந்து கேட்டும் சம்மதிக்கவில்லை. 2003-ல்தான் மருந்து எடுத்துக்கொண்டார்.

இந்த நேரத்தில் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக மாணவர்களும் களத்தில் இறங்கினார்கள். ஸ்டாவுடின் எச்.ஐ.வி.க்கு எதிராக வேலை செய்யும் என்று கண்டறியப்பட்டது அங்கேதான். அதன் காப்புரிமையும் பல்கலைக்கழகத்திடமே இருந்தது. தென்னாப்பிரிக்காவில் அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று மாணவர்கள் கேட்டார்கள். கண்டுபிடித்தவர்களில் ஒருவரான பேராசிரியர் வில்லியம் புருசாஃப் அவர்கள் பக்கம் நின்றார். 2001 மார்ச்சில், உரிமம் பெற்றிருந்த பிரிஸ்டல்-மையர்ஸ் ஸ்குயிப் நிறுவனம் ஆப்பிரிக்காவில் காப்புரிமையை வலியுறுத்தமாட்டோம் என்று இறங்கிவந்தது. அடுத்த மாதம் 19-ம் தேதி, உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, நிறுவனங்கள் வழக்கையே வாபஸ் வாங்கின.

முதல் போர் முடிந்தது. இரண்டாவது போர் சொந்த அரசோடு. மண்டேலாவுக்குப் பின் வந்த அதிபர் தாபோ எம்பெக்கி, எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணமா என்றே சந்தேகம் கிளப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் சிபாரிசு செய்தார். பிரசவ வலியின்போது தாய்க்கு ஒரு வேளை, பிறந்த குழந்தைக்கு ஒரு வேளை நெவிரபின் கொடுத்தால் தொற்று பெருமளவு குறையும் என்று 1999-ல் உகாண்டாவில் நடந்த ஆய்வு காட்டியிருந்தது. தயாரித்த நிறுவனம் அதை ஐந்தாண்டுகளுக்கு இலவசமாகத் தருவதாகவும் சொன்னது. அப்படியும் அரசு சில மருத்துவமனைகளுக்கு வெளியே அதைக் கொடுக்க மறுத்தது. செயல் இயக்கம் நீதிமன்றம் போனது. 2002 ஜூலை 5-ம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம், மருந்தை எல்லாத் தாய்மார்களுக்கும் கொடுக்க வழி செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. என்கோசி கேட்டதும் அதுதான். அவன் இறந்து ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தத் தாமதத்தின் விலையை ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2008-ல் கணக்கிட்டார்கள். 2000 முதல் 2005 வரை தென்னாப்பிரிக்காவில் தவிர்த்திருக்கக்கூடிய மரணங்கள் 3,30,000-க்கும் மேல். விலை இறங்கிய பிறகும் உயிர்கள் போனதற்கு அரசின் பிடிவாதம் காரணமாக இருந்தது.

கடிகாரம் தெரியாதவர்கள்?

இன்னொரு தடையும் இருந்தது, அது மனதில் இருந்த தடை. அமெரிக்க அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பின் தலைவராக இருந்த ஆண்ட்ரூ நாட்சியோஸ், ஆப்பிரிக்கர்கள் பலருக்குக் கடிகார நேரம் தெரியாது, வேளாவேளைக்கு மாத்திரை சாப்பிட அவர்களால் முடியாது என்ற பொருளில் 2001-ல் பேசினார். இதற்குப் பதில் 2006-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது கிடைத்தது. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் ஆப்பிரிக்காவில் 77 சதவீதம், வட அமெரிக்காவில் 55 சதவீதம்.

அதற்குள் உலகம் கொஞ்சம் மாறியிருந்தது. 2001 நவம்பரில் தோஹாவில் கூடிய உலக வர்த்தக அமைப்பு, காப்புரிமை ஒப்பந்தம் மக்கள் உயிரைக் காக்கும் நடவடிக்கைகளுக்குத் தடையாகக் கூடாது என்று ஒப்புக்கொண்டது. 2002-ல் எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலக நிதியம் தொடங்கியது. 2003 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ், ஐந்து ஆண்டுகளுக்கு 1,500 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்தார். மருந்து விலை 12,000 டாலரிலிருந்து 300-க்கும் கீழே வந்துவிட்டதையே அவரும் காரணமாகச் சொன்னார். உலக சுகாதார நிறுவனம் 2005-க்குள் 30 லட்சம் பேருக்குச் சிகிச்சை என்று இலக்கு வைத்தது. அந்த ஆண்டு முடிவில் எட்டியது 13 லட்சம்தான். ஆனால் இரண்டு வருடம் கழித்து 30 லட்சத்தையும் எட்டியது.

ஆப்பிரிக்காவுக்கு மருந்து அனுப்பிய இந்தியாவில், இந்திய நோயாளிகளில் பலர் சொந்தக் காசிலேயே அதை வாங்கிக்கொண்டிருந்தார்கள். மத்திய அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டம் 2004 ஏப்ரல் 1-ம் தேதிதான் தொடங்கியது. முதலில் எட்டு மையங்கள். அவற்றில் ஒன்று தாம்பரம் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

சிகிச்சையே தடுப்பானது

2011-ல் வந்த ஓர் ஆய்வு பழைய விவாதத்தை முடித்துவைத்தது. சீக்கிரமே மருந்து எடுத்துக்கொள்பவரிடமிருந்து துணைவருக்குக் கிருமி பரவுவது 96 சதவீதம் குறைகிறது என்று அது காட்டியது. ஒருவருக்குக் கொடுக்கும் மாத்திரை இன்னொருவருக்குக் காப்பாகிறது. சிகிச்சையா தடுப்பா என்ற கேள்விக்கே அர்த்தம் இல்லாமல் போனது.

ஐ.நா. கணக்குப்படி 2004-ல் எய்ட்ஸால் இறந்தவர்கள் சுமார் 21 லட்சம். 2024-ல் சுமார் 6,30,000. அந்த ஆண்டில் எச்.ஐ.வி.யோடு வாழ்ந்த ஏறத்தாழ 4 கோடிப் பேரில் 3 கோடிக்கும் மேற்பட்டோர் மருந்து பெற்றார்கள். ஸ்டாவுடின் பக்கவிளைவுகளால் ஒதுக்கப்பட்டு, அதைவிட நல்ல மருந்துகள் வந்துவிட்டன. ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை, ஆண்டுக்கு 45 டாலருக்கும் குறைவு.

அதே கேள்வி மறுபடியும்

2024-ல் லெனகாபவிர் என்ற தடுப்பு ஊசியின் சோதனை முடிவு வெளிவந்தது. ஆண்டுக்கு இரண்டு முறை போட்டால் போதும். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம் பெண்களில் ஒருவருக்குக் கூடத் தொற்று வரவில்லை. 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதி அளித்தபோது அங்கே அதன் விலை ஆண்டுக்கு 28,218 டாலர். மூன்றே மாதத்தில் ஹைதராபாத் நிறுவனங்கள் இரண்டு, 2027 முதல் 120 ஏழை நாடுகளுக்கு அதை ஆண்டுக்குச் சுமார் 40 டாலருக்குத் தர ஒப்பந்தம் செய்தன. 1996-ல் தொடங்கி ஐந்து ஆண்டுகள் எடுத்த விலை இறக்கம் இந்த முறை மூன்று மாதத்தில் நடந்தது. டர்பனிலும் யேலிலும் மும்பையிலும் நடந்தவற்றின் பலன் இது.

ஆனால் அந்த 120 நாடுகள் பட்டியலில் பிரேசில் இல்லை. இந்த ஊசியின் சோதனை நடந்த நாடுகளில் அதுவும் ஒன்று. 2025 ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியைத் திடீரென்று நிறுத்தியபோது, ஆப்பிரிக்காவில் பல சிகிச்சை மையங்களின் வேலை தடைப்பட்டது. மருந்து மலிவாக இருந்தாலும் அதைக் கொடுக்க ஒரு நர்ஸும் அவருக்குச் சம்பளமும் வேண்டும்.

விலை தானாக இறங்கவில்லை. ஒரு சட்டம், ஒரு தொழிற்சாலை, ஒரு வழக்கு, தெருவில் நின்ற நோயாளிகள், கேள்வி கேட்ட மாணவர்கள் என்று பலர் சேர்ந்து இறக்கினார்கள். அதற்கான மருந்து 1996-லேயே இருந்தது. என்கோசி இறந்தது 2001-ல். அடுத்த மருந்துக்கு இத்தனை ஆண்டு இடைவெளி வரக்கூடாது என்பதே இந்த வரலாறு சொல்லும் பாடம்.