பெட்ரோல் டியூபில் நான் மாட்டிய காந்தம்

பதிவு கொஞ்சம் நீளம். போனிலேயே ஒரு வரியில் முடித்திருக்கலாம், மனம் வரவில்லை.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் பேசினான். 2005இல் பிளஸ் டூ முடித்தவன். கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்கு மீன் ஏற்றிப் போகும் குட்டியானை வண்டி வைத்திருக்கிறான். "சார், ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகுற மாதிரி ஒரு பெட்டி வந்திருக்கு. லிட்டருக்கு மூணு கிலோமீட்டர் கூட வரும்னு சொல்றாங்க. விலை 3,200. வாங்கலாமா? நீங்க பிசிக்ஸ் வாத்தியார், நீங்க சொன்னா சரியா இருக்கும்" என்றான்.

கடைசி வாக்கியம்தான் என்னை உறுத்தியது. ஏறக்குறைய 30 வருஷத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நம்பி இன்னொரு மாணவன் பணத்தை இழந்தான். அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன் அதைவிடப் பழைய கதை ஒன்று.

எஞ்சினில் எதையாவது மாட்டி எண்ணெயை மிச்சப்படுத்தும் ஆசை நம் ஊருக்குப் புதிதல்ல. 1942இல் பர்மாவை ஜப்பான் பிடித்ததும் அங்கிருந்து வந்துகொண்டிருந்த எண்ணெய் நின்றுபோனது. பெட்ரோலுக்கு ரேஷன். பஸ் முதலாளிகள் வண்டிக்குப் பின்னால் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றை மாட்டினார்கள். அதுதான் 'கரி பஸ்'. என் அப்பா அப்போது திருப்பாதிரிப்புலியூரில் பள்ளிக்கூடப் பையன். விடிகாலையில் கிளீனர் உருளையில் கரியைக் கொட்டி, நெருப்பு வைத்து, காற்றாடியின் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருப்பானாம். அரை மணி நேரம் சுற்றினால்தான் எஞ்சின் பிடிக்கும். சிதம்பரம் போவதற்குள் சட்டைக் காலர் கறுத்துவிடும். பாலத்தின் ஏற்றத்தில் வண்டி திணறினால் கண்டக்டர் எல்லோரையும் இறங்கச் சொல்வார். டிக்கெட் வாங்கியவர்களே தள்ளவும் வேண்டும் என்று சொல்லி அப்பா சிரிப்பார்.

அந்த உருளையில் மாயம் எதுவும் இல்லை. கரியைப் போதுமான காற்று இல்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு வரும். அது எரியக்கூடிய வாயு. அதை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். ஆனால் அந்த வாயுவில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வந்த நைட்ரஜன், அது எரியாது. அதனால் எஞ்சினின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை போய்விடும். ஐரோப்பாவிலும் போர்க்காலத்தில் லட்சக்கணக்கான வண்டிகள் இப்படித்தான் ஓடின. பெட்ரோல் மிச்சம், பலம் நஷ்டம். யாரும் அதை மறைக்கவில்லை. பெட்ரோல் தாராளமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் முதலாளிகளே உருளைகளைக் கழற்றி எறிந்தார்கள்.

கரி பஸ்ஸில் வேலை செய்த கருவி பழைய இரும்புக் கடைக்குப் போனது. வேலை செய்யாத கருவிகளைத்தான் இன்றுவரை விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை வாங்கியவன் நான்.

1995. மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஒரு பொருட்காட்சி. பெட்ரோல் டியூபின் இரண்டு பக்கமும் மாட்டும் காந்தம், 350 ரூபாய். பெட்ரோலின் மூலக்கூறுகளைக் காந்தம் வரிசையாக்கிவிடும், அதனால் முழுமையாக எரியும் என்றார் விற்றவர். காந்தவியல் பாடம் நடத்துகிறவன் நான். பெட்ரோல் இரும்பைப் போலக் காந்தத்துக்கு மசியும் பொருள் அல்ல, அதன் மீது காந்தத்தின் விளைவு கணக்கில் எடுக்கவே முடியாத அளவு சின்னது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாங்கினேன். ஸ்கூட்டர் அப்போது லிட்டருக்கு 38தான் கொடுத்துக்கொண்டிருந்தது. மாதக் கடைசியில் ரிசர்வில் ஓட்டுகிறவனுக்கு நம்பிக்கை கொஞ்சம் மலிவாகவே கிடைக்கும்.

மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டினேன். அடுத்த மாதம் நோட்டுப் புத்தகத்தில் கணக்குப் போட்டால் 45! ஆசிரியர் அறையில் நோட்டை விரித்துக் காட்டினேன். வகுப்பிலும் சொன்னேன். அதுதான் பெரிய தப்பு.

மறு வருஷம், 1996இல், தமிழ்நாடே மூலிகைப் பெட்ரோலைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். ராஜபாளையம் பக்கத்திலிருந்து வந்த ராமர் பிள்ளை, தண்ணீரில் மூலிகையைப் போட்டுப் பெட்ரோல் எடுப்பதாகச் சொன்னார். சென்னை ஐ.ஐ.டி. வரை போய்ச் செய்து காட்டினார். ஆசிரியர் அறையில் இரண்டு கட்சி. நான் எதிர்க்கட்சி. "தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி எரிக்க முடியுமா? ஆற்றல் எங்கிருந்து வரும்?" என்று மேஜையைத் தட்டிப் பேசினேன். பேசியதெல்லாம் சரிதான். பிற்பாடு அவர் அதை விற்கவும் செய்தார். டொலுயீன், நாப்தா போன்ற பெட்ரோலியப் பொருள்களைக் கலந்து விற்றதாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. 2016இல் சென்னை நீதிமன்றம் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. ஆனால் அன்று நான் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தபோது, வெளியே வேப்ப மரத்தடியில் என் ஸ்கூட்டர் காந்தத்தோடு நின்றுகொண்டிருந்தது.

உண்மை தெரிந்தது 1997 கோடை விடுமுறையில். எஞ்சின் வேலைக்கு விட்ட ஸ்கூட்டரைத் திரும்ப எடுத்து ஓட்டினேன், 45 கொடுத்தது. இரண்டு மாதம் கழித்துத்தான் கவனித்தேன், டியூபில் காந்தமே இல்லை. மெக்கானிக் டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "சார், அன்னைக்கு இத மாட்டச் சொல்லிக் குடுத்தீங்கல்ல, அப்பவே கார்புரேட்டர் கிளீன் பண்ணி, பிளக் மாத்தி, ரெண்டு வீலுக்கும் காத்து அடிச்சுத்தான் குடுத்தேன். சர்வீசே விடாம வச்சிருந்தீங்க." எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஒரே சமயத்தில் நாலு விஷயத்தை மாற்றிவிட்டு அதில் ஒன்றுக்கு மட்டும் மாலை போட்டிருக்கிறேன். பத்தாம் வகுப்புப் பையன் செய்முறைத் தேர்வில் இப்படிச் செய்திருந்தால் மதிப்பெண் போட்டிருக்க மாட்டேன்.

அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் நோட்டை விரித்துக் காட்டியவனுக்கு, அதே அறையில் அதை மூடிக் காட்ட வாய் வரவில்லை.

நான் ஓய்வு பெற்ற நாளில்தான் மற்றது தெரிந்தது. என் வகுப்பில் உட்கார்ந்து அந்த 45 கணக்கைக் கேட்ட ஒரு பையன், பள்ளி முடித்ததும் சிதம்பரத்தில் சின்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடை போட்டான். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து அந்தக் காந்தத்தில் 60 செட் எடுத்திருக்கிறான். வாங்கியவர்கள் திரும்பி வந்து சண்டை போட்டார்கள். கடை ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்திவிட்டு இதைச் சிரித்துக்கொண்டே சொன்னான். "உங்க பேரச் சொல்லித்தான் சார் வித்தேன்." பெயர் எழுதவில்லை. தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். அன்று மேடையில் சொல்லியிருக்க வேண்டிய மன்னிப்பை இங்கே கேட்கிறேன்.

படித்தவன், தொழில் தெரிந்தவன் ஏமாற மாட்டான் என்பது இல்லை. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ப்ராக் என்று பெரிய கார் பந்தய வீரர். அங்கே புகழ்பெற்ற பாதர்ஸ்ட் பந்தயத்தில் 9 முறை வென்றவர். அவரே படிகக் கல்லும் காந்தமும் வைத்த ஒரு சிறு பெட்டியை நம்பி, தான் விற்ற கார்களில் மாட்டினார். 1987இல் ஹோல்டன் கம்பெனி அவரோடு உறவையே முறித்துக்கொண்டது. அதைப் படித்தபோது, குற்றவாளிக் கூண்டில் எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்த மாதிரி இருந்தது.

"நல்ல கருவி இருக்கு, பெரிய கம்பெனிக்காரங்க அமுக்கிடறாங்க" என்று சிலர் சொல்வார்கள். இதுவும் பழைய பேச்சு. 1930களில் கனடாவில் சார்லஸ் போக் என்பவர் காலனுக்கு 200 மைல் தரும் கார்புரேட்டர் செய்ததாகச் செய்தி பரவியது. வெளியார் யாரும் சோதித்து உறுதி செய்யவில்லை, வதந்தி மட்டும் 90 வருஷமாக ஓடுகிறது. 1973இல் எண்ணெய் விலை ஏறிய பிறகு அமெரிக்க அரசு 1975இல் சட்டம் போட்டு, இந்தக் கருவிகளைத் தன் சுற்றுச்சூழல் துறையே சோதிக்க ஏற்பாடு செய்தது. நூற்றுக்கும் மேற்பட்டவை வந்தன. மிகச் சிலவற்றில்தான் பலன் தெரிந்தது, அதுவும் சொற்பம். சிலவற்றில் மைலேஜ் துளி ஏறியபோது புகையின் நச்சும் ஏறியது.

ஏன் இப்படி? ஒரு கணக்குப் போதும். சாதாரண நாலு ஸ்டிரோக் எஞ்சினில் உள்ளே போகும் எரிபொருளில் 97, 98 சதவீதம் ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. மிச்சத்தையும் ஒரு கருவி முழுசாக எரித்துவிட்டது என்றே வையுங்கள். 50 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 51 கொடுக்கும், அவ்வளவுதான். நஷ்டம் எரியாததில் இல்லை. எரிந்து வரும் வெப்பத்தில் முக்கால் பங்கு வரை சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் போய்விடுவதில் இருக்கிறது. டியூபில் மாட்டும் எதுவும் அதைத் தொடாது. தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் விடும் கருவியும் அப்படித்தான். பிரிக்க மின்சாரம் வேண்டும், அதை அதே எஞ்சின்தான் கொடுக்க வேண்டும்.

என் பழைய ஸ்கூட்டர் டூ ஸ்டிரோக். அதில் பெட்ரோலின் ஒரு பகுதி எரியாமலே சைலன்சர் வழியாக ஓடிப்போகும். அங்கே மிச்சப்படுத்த நிஜமாகவே இடம் இருந்தது. அதை மிச்சப்படுத்தியது காந்தம் அல்ல, எஞ்சினையே மாற்றி அமைத்ததுதான். 1985இல் ஹீரோ ஹோண்டா 100 சி.சி. நாலு ஸ்டிரோக் வண்டி வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் மாதத்துக்கு இரண்டு முறை மட்டும் பங்க் பக்கம் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

பலத்தைக் கூட்டும் கருவிகள் வேறு சாதி. டர்போ சார்ஜர் உண்மை. அது சைலன்சர் வழியாகப் போகும் புகையின் சக்தியை எடுத்துக் காற்றை உள்ளே அழுத்துகிறது. டர்போ டீசல் வண்டியின் கம்ப்யூட்டரில் கணக்கை மாற்றினால் பிக்கப் ஏறும், அதுவும் உண்மை. ஆனால் கிளட்ச் தேயும், புகை கக்கும், வாரண்டி போய்விடும். வண்டியை அதன் மூல அமைப்பிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

இப்போது குட்டியானைக்கு வருகிறேன். அந்தப் பெட்டி 200 கிலோமீட்டர் ஓடி 'உன் ஓட்டும் பழக்கத்தைக் கற்றுக்கொள்ளும்' என்கிறார்களாம். கற்றுக்கொள்ளப்போவது நீதான். 3,200 ரூபாய் கொடுத்தவன் அடுத்த மாதம் ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் மெதுவாகத்தான் மிதிப்பான், காற்றும் பார்ப்பான். மைலேஜ் அதனாலேயே ஏறும். ஐப்பசியில் வாடைக்காற்று உன்னை சிதம்பரத்துக்குத் தள்ளிக்கொண்டு போகும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஒரு நடைக் கணக்கை வைத்து எதையும் சொல்ல முடியாது.

ஆகவே பெட்டி வாங்காதே. மூன்று வாரம் டேங்கை வாய் வரை நிரப்பி, கிலோமீட்டரும் லிட்டரும் எழுது. பிறகு டயர் காற்றை மட்டும் சரியாக வைத்து மூன்று வாரம். பிறகு 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் மூன்று வாரம். ஒரு நேரத்தில் ஒன்றுதான் மாற்ற வேண்டும், நான் செய்த மாதிரி நாலையும் சேர்த்து அல்ல. அப்படியும் அந்தப் பெட்டி மேல் ஆசை இருந்தால், பணம் திருப்பித் தருவதாக எழுதிக் கொடுத்தால் மட்டும் எடு. மாட்டுவதையும் கழற்றுவதையும் உனக்குத் தெரியாமல் உன் தம்பி செய்யட்டும்.

கணக்கு நோட்டோடு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வா, சேர்ந்து பார்ப்போம். வரும்போது சங்கரா மீன் இருந்தால் ஒரு கிலோ கொண்டு வா, காசு கொடுத்துவிடுகிறேன். அந்தக் காந்தம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பிரிட்ஜ் கதவில் பால் கணக்குச் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.