'பெங்கால்' கப்பலின் போர்

கடலுக்கு வெகு தொலைவில், வைட்ஃபீல்டு போன்ற மேட்டு நிலத்தில் குடியேறியுள்ள நம்மவர்க்குக் கடற்போர் அயலான பொருளாகத் தோன்றலாம். ஆயினும் நம் கடற்படையின் வரலாற்றில் ஒரு நாளை நாம் அறியாதிருத்தல் தகாது.

இரண்டாம் உலக யுத்தத்தின்போது, ராயல் இந்தியக் கடற்படைக்கென ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் 'பெங்கால்' என்னும் சிறு கப்பல் கட்டப்பெற்று, 1942 ஆகஸ்டில் சேவையில் சேர்ந்தது. கடற்கண்ணிகளை அகற்றவென வகுக்கப்பெற்ற அது, அவ்வாண்டு நவம்பரில் 'ஒண்டினா' என்னும் டச்சு எண்ணெய்க் கப்பலுக்குக் காவலாக, ஃபிரிமேன்டில் துறைமுகத்திலிருந்து டியேகோ கார்சியா தீவை நோக்கிப் புறப்பட்டது.

நவம்பர் 11ஆம் நாள், கோகோஸ் தீவுகளுக்குத் தென்மேற்கே, 'ஹொகோகு மாரு', 'ஐகோகு மாரு' என்னும் இரு ஜப்பானியப் போர்க்கப்பல்கள் எதிர்ப்பட்டன. பயணிகள் கப்பல்களாகக் கட்டப்பெற்றுப் பின்னர் ஆயுதம் பூண்டவை அவை. ஒவ்வொன்றும் 10,000 டன்னுக்கு மேற்பட்டது. பெங்காலோ 700 டன் அளவினது. அதன் பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று. அதன் குண்டு சுமார் 6 கிலோ எடை. எதிரியின் 140 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டோ 38 கிலோ.

தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் வில்சன், எண்ணெய்க் கப்பலைத் தப்பியோடும்படி பணித்துவிட்டு, தம் கப்பலை எதிரியின் மீதே திருப்பினார். காவற்கப்பலின் கடமை வெல்வதன்று. தன் பொறுப்பில் உள்ளது தப்பும் வரை எதிரியின் கவனத்தைத் தன்பால் ஈர்த்து நிற்பதேயாம். ஆனால் ஒண்டினாவும் ஓடாது, தன் ஒரே பீரங்கியால் சுடத் தொடங்கிற்று.

சிறிது நேரத்தில் ஹொகோகு மாருவின் டார்பிடோக் குழாய்களருகே ஒரு குண்டு விழுந்தது. தீ மூண்டு, வெடித்து, அக்கப்பல் மூழ்கியது. அக்குண்டு யாருடையது? இந்தியர் பெங்காலுடையது என்பர். டச்சுக்காரர் ஒண்டினாவுடையது என்பர். ஒண்டினாவின் பீரங்கி 102 மில்லிமீட்டர் அளவினது, பெங்காலினதைவிடப் பெரிது; ஆதலின் டச்சுக்காரர் கூற்றை நாம் எளிதில் தள்ளிவிடுவதற்கில்லை. எனினும், முதலில் எதிரியை நோக்கிப் பாய்ந்தது பெங்கால் என்பதில் ஐயமில்லை.

குண்டுகள் குறையவே பெங்கால் புகைத்திரை எழுப்பி விலகியது. ஒண்டினாவின் தலைவர் ஹோர்ஸ்மன் போரில் மடிந்தார்; கப்பலின்மீது டார்பிடோக்கள் பாய்ந்தன; படகுகளில் இறங்கியோர் மீதும் சுடப்பட்டது. ஆயினும் ஒண்டினா மூழ்கவில்லை. ஐகோகு மாரு அகன்றபின் எஞ்சியோர் மீண்டும் ஏறி, தீயை அணைத்து, ஃபிரிமேன்டிலுக்கே திரும்பினர். அதனை மூழ்கியதாகவே கருதியிருந்த பெங்கால், உயிரிழப்பின்றி டியேகோ கார்சியாவை அடைந்தது. வில்சனுக்கு டி.எஸ்.ஓ. விருது அளிக்கப்பெற்றது.

ஐகோகு மாரு 1944 பிப்ரவரியில் ட்ரக் தீவில் அமெரிக்க விமானங்களால் அழிந்தது. ஒண்டினா 1959இல் உடைக்கப்பட்டது. பெங்கால் சுதந்திர இந்தியாவின் கடற்படையில் தொடர்ந்து, 1960இல் சேவையினின்றும் நீங்கியது.